குழந்தைகளின் சண்டை: அறிகுறியைப் பார்த்து வழி சொல்லும் ஒரு கையேடு

ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பு எடுக்கும் அக்கா, அண்ணன்மாருக்கும், வீட்டில் இரண்டு மூன்று குழந்தைகளை வைத்துச் சமாளிக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் நடப்பது எந்த அறிகுறியோ, அங்கே போய்ப் படித்தால் போதும். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவை எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

ஒரு சண்டை முடிய நான்கு வேலை நடக்க வேண்டும். கோபம் அடங்க வேண்டும், இரண்டு பக்கமும் கேட்கப்பட வேண்டும், கெட்டுப்போனது சரிசெய்யப்பட வேண்டும், அப்புறம் மன்னிப்பு. பெரியவர்கள் அவசரத்தில் நான்காவதை முதலாவதாக இழுத்து வந்துவிடுகிறோம். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் தொடங்குகின்றன.

எதையும் தொடங்கும் முன்

பசியா, தூக்கமா என்று பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் பல பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பளம். சம்பளம் வாங்கி, சந்தைக்கும் கடைக்கும் போய், சமைத்துச் சாப்பிட்டுப் படுக்க வெகு நேரம் ஆகிவிடும். தறிக்குடோன் (விசைத்தறிக் கூடம்) வீடுகளிலும் இப்படித்தான். அந்தப் பிள்ளை ஞாயிறு காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு பாயில் வந்து உட்கார்ந்தால், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை பட்டாலே அழும். அதற்கு வசனம் தேவையில்லை, இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் போதும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று படுத்துக்கிடந்தபோது தேவதூதன் முதலில் சொன்னது "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதுதான் (1 இராஜாக்கள் 19:5).

அறிகுறி 1: "ஸாரி" சொன்ன இரண்டாம் நிமிடம் மறுபடி அடி

இதுதான் எங்கும் இருப்பது. அக்கா இரண்டு பேரையும் இழுத்து நிறுத்துகிறார். "ஸாரி சொல்லு. கையைக் குடு. கட்டிப்புடி." பிள்ளைகள் சொல்கிறார்கள், கொடுக்கிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். அக்கா கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் ஒருவன் மற்றவனைக் கிள்ளுகிறான்.

அந்த "ஸாரி" அக்காவுக்குச் சொன்னது, அடிபட்டவனுக்கு அல்ல. அடித்தவனுக்குத் தன் கோபம் இன்னும் நியாயமாகவே தெரிகிறது, ஏன் என்று யாரும் கேட்கவில்லையே. அடிபட்டவனுக்கோ வலித்தது என்று சொல்லவே இடம் கிடைக்கவில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். இருவரையும் பிரித்து உட்கார வையுங்கள். எதிரெதிரே வேண்டாம், முகத்தைப் பார்த்தால் மறுபடி பற்றிக்கொள்ளும். உங்களுக்கு வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர். தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். மூச்சு சீராகும் வரை பேச்சே வேண்டாம். சின்னப் பிள்ளை கோபத்தின் உச்சியில் இருக்கும்போது நாம் சொல்லும் எதுவும் அதன் உள்ளே போகாது. "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்று யாக்கோபு எழுதியது (1:19) இந்த இடத்தில் முதலில் நமக்கு.

அப்புறம் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி. என்ன நடந்தது? உனக்கு எப்படி இருந்தது? இப்போது என்ன செய்தால் சரியாகும்? "ஏன் அடிச்சே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு ஆறு வயதுப் பிள்ளையிடம் பதில் இருக்காது. ஒன்று பொய் வரும், இல்லாவிட்டால் அழுகை வரும்.

ஒரு சண்டை இப்படிப் போகும் (அமுச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அம்மா):

"என்ன கண்ணு ஆச்சு?"

"இவன் என்ர கலர் பென்சிலப் புடுங்கிட்டானுங்கக்கா."

"புடுங்குனப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

"கோவம் வந்துச்சு. அது எங்க அமுச்சி வாங்கிக் குடுத்தது."

இப்போது மற்றவனைப் பார்த்து, "அவன் என்ன சொன்னான்னு நீ சொல்லு சாமி."

"அவங்க அமுச்சி வாங்கிக் குடுத்ததாமா."

"அது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அந்த "தெரியாதுங்க" வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்தவன் சொன்னதைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வைப்பது இந்த முறையின் உயிர். நான்கு, ஐந்து வயதில்தான் "அவனுக்குள்ளும் ஒரு நினைப்பு ஓடுகிறது" என்பது பிள்ளைக்கு ஓரளவு பிடிபடத் தொடங்கும். அதைப் பழக்கும் வேலையைத்தான் இந்தத் திரும்பச் சொல்லுதல் செய்கிறது. மூன்று நான்கு வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். அங்கே, "அவன் அழுகறான் பாரு, அவனுக்கு வலிக்குது" என்று நாமே சொல்லிக்கொடுத்தால் போதும்.

மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் வருகிறதோ அதைச் செய்ய விடுங்கள். பென்சிலைத் திருப்பிக் கொடுப்பது, உடைந்த முனையைச் சீவிக் கொடுப்பது, கிழிந்த தாளை ஒட்டுவது. இதற்கு வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் கதையைச் சொல்லுங்கள் (லூக்கா 19). அவன் அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். நம் பிள்ளைகள் அவன் குள்ளமாயிருந்ததையும் மரம் ஏறியதையும் அட்சரம் பிசகாமல் சொல்வார்கள். திருப்பிக் கொடுத்ததைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் நாமே பாட்டை மரத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

இத்தனைக்கும் பிறகு மன்னிப்பு பெரும்பாலும் தானாகவே வரும். வராவிட்டால், "இப்ப முடியலன்னா பரவால்ல, அப்புறமா சொல்லிக்கலாம்" என்று விட்டுவிடுங்கள். மத்தேயு 5:24-இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார் ஆண்டவர். காணிக்கையே காத்திருக்கலாம் என்றால் நம் மனன வசனம் பத்து நிமிடம் காத்திருப்பதில் தப்பில்லை. வகுப்பு நேரம் போகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அன்றைக்கு அதுவே பாடம்.

அறிகுறி 2: "அவன்தான் முதல்ல!" என்று இருவரும் கத்துவது

முதலில் ஓடி வந்து சொல்கிற பிள்ளையை நம்பிவிடுவது நம் பழக்கம். நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளை, சபையில் தெரிந்த வீட்டுப் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் நம்புவோம். "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்" என்று நீதிமொழிகள் 18:17 எச்சரிக்கிறது. பேசத் தெரியாத பிள்ளை இரண்டு மூன்று முறை தோற்றால், அப்புறம் உங்களிடம் வராது. கையால் பேச ஆரம்பித்துவிடும். "முரட்டுப் பையன்" என்று நாம் பெயர் வைத்த பிள்ளைகளில் பலர் இப்படி உருவானவர்கள்தான்.

வழுவழுப்பான ஒரு கூழாங்கல்லை வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கல் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், மற்றவர் கேட்க வேண்டும். முதலில் பேச்சு குறைவான பிள்ளையின் கையில் கல்லைக் கொடுங்கள். யார் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்கவே வேண்டாம், பெரும்பாலும் அது தெரியவும் தெரியாது. சொத்தைப் பங்கிட்டுத் தரச் சொல்லி வந்தவனிடம், "என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவர் யார்" என்று இயேசுவே கேட்டுவிட்டார் (லூக்கா 12:14). சின்ன வகுப்புக்கும் நீதிபதி தேவையில்லை, இரண்டு பக்கமும் காது கொடுக்கும் ஒரு ஆள் இருந்தால் போதும்.

அறிகுறி 3: ஒரே பொருளுக்கு அடிதடி

வேப்பமரத்துத் தூரி (ஊஞ்சல்), கிரேயான் டப்பா, ஒரே ஒரு பேட், வீட்டில் அப்பாவின் மொபைல்.

வயதைப் பாருங்கள். மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைக்குப் பகிர்ந்துகொள் என்றால் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் புரியும். அங்கே அதே மாதிரி இன்னொன்றைக் கொடுத்துத் திசை திருப்புவதே சரி. நான்கு வயதுக்கு மேல் "முறை" பழக்கலாம். முறை என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதே அல்ல. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுக்கு ஒரு முறை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசனத்தில் நான்கு மண்டலமாகப் பிரித்துத் தண்ணீர் விடுகிறார்கள். தோட்டத்து வீட்டுப் பிள்ளை, "எங்க முறை இன்னும் வர்லீங்க" என்று அப்பா போனில் பேசுவதைக் கேட்டே வளர்கிறது. அதையே எடுத்துப் பேசுங்கள்.

ஐந்து நிமிடம் என்றால் சின்னதுக்குப் புரியாது. இருபது ஆட்டம் என்று எண்ணச் சொல்லுங்கள். காத்திருக்கிற பிள்ளையையே எண்ண விடுங்கள், காத்திருப்பதே ஒரு வேலையாகிவிடும். முறை தவறாமல் வரும் என்று பிள்ளை நம்ப வேண்டும். ஒரு முறை நாம் மறந்துவிட்டால் அடுத்த முறை அது தூரியை விட்டு இறங்காது. மொபைலுக்கு இது எடுபடாது. விளையாட்டின் நடுவே கைமாற்றச் சொன்னால் பெரியவர்களுக்கே எரிச்சல் வரும். சண்டை வந்தால் அணைத்து மேலே வையுங்கள், அன்றைக்கு இருவருக்கும் கிடையாது.

இதற்கு ஏற்ற கதை ஈசாக்கின் கிணறுகள் (ஆதியாகமம் 26). ஆபிராமும் லோத்தும் நிலத்தைப் பிரித்துக்கொண்ட 13-ஆம் அதிகாரத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதுவும் நல்ல கதைதான். ஆனால் ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டும் புகை மட்டும் வந்த தோட்டங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் கிணற்றுக் கதையைச் சொல்லிப் பாருங்கள், வாய் பிளந்து கேட்பார்கள். ஈசாக்கின் ஆட்கள் தோண்டி நீர் கண்டார்கள். கேராரூர் மேய்ப்பர் வந்து தண்ணீர் எங்களுடையது என்றார்கள். அதற்கு ஏசேக்கு என்று பெயர். இன்னொன்று தோண்டினார்கள், அதற்கும் வாக்குவாதம், அது சித்னா. அப்பால் போய் மூன்றாவது தோண்டினார்கள். அதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. கர்த்தர் இடம் உண்டாக்கினார் என்று சொல்லி ரெகொபோத் என்று பெயரிட்டான். "நம்ம வகுப்புல மூணாவது கெணறு எது?" என்று கேளுங்கள். இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கிற இன்னொரு விளையாட்டு, இன்னொரு வழி. ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் நீங்கள் நினைத்தே பார்க்காத யோசனைகளைச் சொல்வார்கள்.

அறிகுறி 4: சண்டையே இல்லை, ஆனால் எப்போதும் ஒரே பிள்ளைதான் விட்டுக்கொடுக்கிறது

பலர் இதைச் சிக்கலாகவே பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பெரும்பாலும் அது மூத்த பெண்பிள்ளையாக இருக்கும். "நீ பெரியவதானே அம்மணி, தம்பிக்கு விட்டுக்குடு." அவள் விட்டுக்கொடுக்கிறாள். "நல்ல புள்ள, இயேசப்பாவுக்குப் புடிச்ச புள்ள" என்று பாராட்டுகிறோம். அவளுக்கு வலித்ததை யாரும் கேட்பதில்லை. தம்பிக்கோ அழுதால் கிடைக்கும் என்ற பாடம் மட்டும் படிகிறது.

மறு கன்னத்தைக் காட்டு என்ற வசனத்தை இங்கே கொண்டுவந்து வைக்காதீர்கள். பிரதான ஆசாரியன் முன் சேவகன் அறைந்தபோது இயேசு பேசாமல் நிற்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, ஆனால் கேட்டார். ஈசாக்கும் அப்படியே. தன்னைத் துரத்திய ராஜா அபிமெலேக்கு உடன்படிக்கைக்கு வந்தபோது, "நீங்கள் என்னைப் பகைத்து, என்னைத் துரத்திவிட்டீர்களே" என்று நடந்ததை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் விருந்து வைத்தான்.

இந்தப் பிள்ளைக்குச் சொல்லப் பழக்குங்கள். "நிறுத்து. எனக்கு வலிக்குது. எனக்குப் பிடிக்கல." மூன்றே வரி, சத்தமாக, நேராகப் பார்த்து. கூச்சப்படும் பிள்ளையோடு நாமே தம்பியாக நடித்துப் பழக்கலாம். அவள் மனதார விட்டுக்கொடுக்கிற நாளும் வரும், அன்றைக்குப் பாராட்டுங்கள். முடியாது என்று சொல்கிற நாளிலும் அவள் நல்ல பிள்ளைதான் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

இதன் கூடவே ஒன்று. பெரிய பிள்ளை சின்னதை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய்த் திரும்பத் திரும்ப அடிப்பது, மிரட்டிப் பொருள் வாங்குவது, பெரியவர் யாராவது பிள்ளையைக் காயப்படுத்துவது, தொடக்கூடாத விதத்தில் தொடுவது: இவை சண்டை அல்ல. இங்கே இரண்டு பக்கம் கேட்பதும், ஒப்புரவாக்குவதும், மன்னிக்கச் சொல்வதும் கூடவே கூடாது. பிள்ளையை முதலில் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவாருங்கள், அது சொல்வதை நம்புங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் சொல்வது நம் கடமை. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அறிகுறி 5: வசனமே ஆயுதமாகிறது

"நீ பொய் சொன்னே, நரகத்துக்குத்தான் போவே." "மன்னிக்கலைன்னா இயேசப்பா உன்னை அடிப்பாரு." இது பிள்ளைகளின் சொந்தச் சரக்கு அல்ல. சாப்பிடாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்கிற பேச்சைப் பெயர் மாற்றி நாமே கொடுத்தது. பிள்ளையைப் பணியவைக்க ஆண்டவரின் பெயரைச் சொல்வதை முதலில் பெரியவர்கள் நிறுத்த வேண்டும். வகுப்பில் ஒரு விதி வையுங்கள்: வசனத்தை அவரவர் தங்களுக்குத்தான் சொல்லிக்கொள்ளலாம், அடுத்தவர்மேல் வீசக் கூடாது.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் இன்னும் கவனம் தேவை. அக்கம்பக்கத்து இந்து வீட்டுப் பிள்ளைகளும் நம்மை நம்பி வருகிறார்கள். "கிறிஸ்தவப் பிள்ளைங்க சண்டை போட மாட்டாங்க" என்று அங்கே சொன்னால் அது உண்மையும் அல்ல, மரியாதையும் அல்ல. நல்ல சமாரியன் கதையில் உதவி செய்தவன் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன், ஒதுங்கிப் போனவர்கள் ஆசாரியனும் லேவியனும் என்பதை நாம் ஒரு முறை நினைத்துப் பார்த்தால் போதும்.

அறிகுறி 6: காய் விட்டு, நாள்கணக்கில் பேச்சே இல்லை

இரண்டு பேருக்குள் ஒருநாள் காய் என்றால் விட்டுவிடுங்கள், மறுநாள் தானாகப் பழம் ஆகிவிடும். எபேசியர் 4:26 சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியட்டும் என்கிறது. வீட்டில் அதைச் சின்னதாகப் பழக்கலாம். படுக்கும் முன் பேச வேண்டும் என்றில்லை, போர்வையை இழுத்து விடுவதோ தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைப்பதோகூடப் போதும்.

ஒரு கூட்டமே சேர்ந்து ஒரு பிள்ளையை ஒதுக்கினால் அது வேறு. அங்கே பெரும்பாலும் பெரியவர்களின் சண்டையைத்தான் பிள்ளைகள் சுமந்து வருகிறார்கள். வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, சபைக் கமிட்டித் தேர்தலில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது. "அவங்க வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க" என்று பிள்ளை சொன்னால், பிள்ளையைத் திருத்தாதீர்கள். அம்மாவிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். மத்தேயு 18:15 சொல்வதும் அதைத்தான், "நீயும் அவனும் தனித்திருக்கையில்."

சாதியும் இப்படித்தான் வருகிறது. அவர்கள் கொண்டுவந்த பலகாரத்தை வாங்க மாட்டேன் என்று ஏழு வயதுப் பிள்ளை சொல்கிறது. இதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கக் கூடாது, பிறகு பார்க்கலாம் என்று தள்ளவும் கூடாது. ஒதுக்கப்பட்ட பிள்ளையின் பக்கத்தில் அந்த நொடியே போய் உட்காருங்கள். அந்தக் கச்சாயத்தை வாங்கி எல்லோர் முன்பும் சாப்பிடுங்கள். "இங்க எல்லாரும் ஒரே பாயில உக்காருவோம், எல்லார்த்து பலகாரமும் எல்லாரும் சாப்பிடுவோம்" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். சொன்ன பிள்ளையை அவமானப்படுத்த வேண்டாம், அது எங்கோ கேட்டதைத்தான் சொல்கிறது. அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். கூடுமானால் ஆயரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

எல்லாம் செய்தும் பலன் இல்லையென்றால்

பிள்ளைகள் நம்மைப் பார்க்கிறார்கள். வகுப்பில் யார்மீதாவது காரணமில்லாமல் கத்திவிட்டால், அந்தப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, எல்லோர் முன்பும், "உம்மேல தப்பில்ல கண்ணு, நான் கத்துனது தப்பு" என்று சொல்லுங்கள். பிள்ளைகளில் பலர் பெரியவர் ஒருவர் மன்னிப்புக் கேட்டுப் பார்த்ததே இல்லை. பார்க்காததைச் செய்யச் சொன்னால் எப்படிச் செய்யும்?

திடீரென்று முரடாக மாறிய பிள்ளை என்றால் வீட்டில் ஏதோ மாறியிருக்கலாம். அப்பா வேலைக்கு வெளியூர் போயிருக்கலாம், குடி இருக்கலாம், புதிதாகத் தம்பியோ தங்கையோ பிறந்திருக்கலாம். வயதுக்கு ஏற்ற பேச்சு வராத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்றால் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கன்வாடி அக்காவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

கடைசியாக, ஆராதனை முடிந்து அம்மா அழைத்துப்போக வரும் நேரம். "உங்க பையன் இன்னிக்கு அடிச்சுட்டான்" என்று வாசலில் நாலு பேர் நடுவில் சொல்லிவிடாதீர்கள். அம்மா கூச்சத்தில் அங்கேயே இரண்டு அடி வைப்பார், வகுப்பில் நீங்கள் ஒரு மணி நேரம் பாடுபட்டது அங்கே கலைந்துவிடும். சண்டை சரியாகிவிட்டது என்றால் அதைச் சொல்லுங்கள்: "இன்னிக்கு ஒரு சண்டை வந்துச்சுங்க, உங்க பையனே ஒடஞ்ச பென்சிலச் சீவிக் குடுத்துட்டான்." பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கட்டும். சரியாகவில்லை என்றால் அன்று ஒன்றும் சொல்ல வேண்டாம். வாரநாளில், பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம்.